கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்கு மடலுக்காகச் சில கணக்குகள் சேர்க்கப்பட்டுள்ளன.)



லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு கட்டடக் கணக்கைச் சொல்கிறார். கோபுரம் கட்ட நினைக்கிறவர் முதலில் உட்கார்ந்து, கையில் உள்ளது போதுமா என்று செலவைக் கணக்கிடுவார். அப்படிச் செய்யாவிட்டால் அடித்தளம் போட்டதோடு வேலை நின்றுவிடும், ஊர் சிரிக்கும். சீடராவதற்குக் கொடுக்க வேண்டிய விலையைப் பற்றித்தான் ஆண்டவர் அங்கே பேசுகிறார். ஆனால் உவமையை எடுத்தது தச்சர் குடும்பத்து அனுபவத்திலிருந்து. பாதியில் நின்ற கட்டடங்களை அவர் பார்த்திருப்பார். அந்த உவமையில் 'உட்கார்ந்து' என்ற ஒரு சொல்லை மட்டும் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

ஏனென்றால் பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் நம் வீடுகளில் யாரும் உட்காருவதில்லை. ஒருவர் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறார், ஒருவர் இ-சேவை மையத்தில் நிற்கிறார், ஒருவர் அடகுக் கடை வாசலில் நிற்கிறார். தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. எந்தக் கல்லூரி முகவருக்கு உங்கள் எண் எப்படிக் கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் பங்கில் ஒரு தந்தை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. மகன் நல்ல மதிப்பெண் எடுத்தான். மூன்றாம் நாளே ஒருவர் போன் செய்து, “ரெண்டே சீட்டுதாண்ணே இருக்கு, இன்னைக்கே பத்தாயிரம் கட்டிடுங்க” என்றார். இவரும் கட்டிவிட்டார். மீதியைக் கட்டுவதற்கு ஆட்டோவின் ஆர்.சி. புத்தகத்தை அடகு வைத்த பிறகுதான் என்னிடம் வந்தார். சேர்க்கைப் படிவத்தைப் பார்த்தேன். நிர்வாக ஒதுக்கீடு என்று இருந்தது. இதன் பொருள் தெரியுமா என்று கேட்டேன். “சாமி, காலேஜுல சீட்டுன்னா சீட்டுதானே?” என்றார்.

சீட்டு என்றால் எல்லாம் ஒரே சீட்டு இல்லை. இன்றைய மறையுரையில் ஒன்றே ஒன்று உங்கள் மனதில் நிற்க வேண்டும் என்றால், அது இதுதான். ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் அரசு நடத்தும் கலந்தாய்வு வழியாக வந்தவன். இன்னொருவன் நேராக நிர்வாகத்திடம் பணம் கட்டி வந்தவன். தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசின் கட்டணக் குழு 2017-இல் நிர்ணயித்தபடி, தர அங்கீகாரம் பெற்ற பாடத்தில் முதலாமவனுக்கு ஆண்டுக் கட்டணம் 55,000 ரூபாய், இரண்டாமவனுக்கு 87,000 ரூபாய். முதலாமவன் தன் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் அரசு ஆண்டுக்கு 25,000 ரூபாயை ஏற்றுக்கொள்கிறது. அவன் கட்ட வேண்டியது 30,000. நான்கு ஆண்டில் ஒருவனுக்கு 1,20,000 ரூபாய், மற்றவனுக்கு 3,48,000 ரூபாய். வாங்கப்போவது ஒரே பட்டம். பேருந்து, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், வேறு பெயரில் வசூலிப்பது எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. நன்கொடை என்று தனியாகக் கேட்பது 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படியே குற்றம்.

பண வித்தியாசத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடத்திலேயே பல கதவுகள் ஒருசேர அடைபடுகின்றன. முதல் பட்டதாரி சலுகை இல்லை. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டின் பயன் இல்லை. மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை இல்லை. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி கடன் திட்டமும் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்குத்தான். கலந்தாய்வு முடியும்வரை சில வாரம் பொறுத்திருந்தால் இத்தனையும் திறந்தே இருந்திருக்கும். முகவர் அவசரப்படுத்துவது இந்தப் பொறுமை உங்களுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான்.

தவறாகச் சேர்ந்துவிட்டீர்கள் என்றால், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. 2018-இல் யுஜிசி தெளிவாக அறிவித்த விதி அது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். குறித்த காலத்துக்குள் விலகினால் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள்.

இனி, உரிமையாக வரும் பணத்தைப் பார்ப்போம். இதைத் தருமம் என்று நினைத்துக் கூச்சப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் நாம் கட்டிய வரிதான் இது.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கிய திட்டம். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. நம் மறைமாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் உண்டு. அதே பள்ளிகளின் பெண் பிள்ளைகளுக்கும் 2024 டிசம்பர் இறுதியிலிருந்து புதுமைப் பெண் திட்டம் விரிவாக்கப்பட்டிருக்கிறது. “எங்க பொண்ணு சிஸ்டர்ஸ் ஸ்கூல்ல படிச்சது, அதுக்குக் கிடைக்காது” என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, உதவி பெறும் பள்ளியா, தமிழ் வழியா என்று மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் அரசுப் பள்ளி மாணவருக்குத் தனியே இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இந்த ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. இதிலிருந்து ஒன்று புரிகிறது. உயர்கல்விக்கான பண முடிவைப் பிளஸ் டூவில்தான் எடுக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்க்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு நடந்துவிடுகிறது. ஆங்கில வழி மெட்ரிக் பள்ளிக்கு ஏழு ஆண்டு கட்டணம் கட்டியவர், கடைசியில் கல்லூரிக்கும் முழுக் கட்டணம் கட்டுகிறார். திருச்சபை நடத்தும் மெட்ரிக் பள்ளிகளும் இருக்கும்போது ஒரு பங்குத்தந்தை இதைச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். சொல்லாமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

அடுத்தது கொஞ்சம் கடினமான விஷயம். நம் பங்குகளில் பெரும்பகுதி மக்கள் ஆதிதிராவிடர் பின்னணியிலிருந்து வந்தவர்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் இனத்தவராகக் கருதப்படுவதில்லை. பிறகு சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அந்தக் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. அநீதி இது. இதற்காகத் திருச்சபை பல ஆண்டாகப் போராடுகிறது. இதனால் சில வீடுகளில் கோவிலில் ஒரு பெயர், தாலுகா அலுவலகத்தில் ஒரு பெயர். நான் யாரையும் தீர்ப்பிடவில்லை. ஆனால் பயத்தின் காரணமாக ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது: கிறிஸ்தவர் என்று சான்றிதழ் வாங்கினால் பிள்ளையின் படிப்புக்கு உதவித்தொகையே போய்விடும் என்று.

போகாது. தமிழ்நாட்டில் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடருக்கும் மாநில அரசின் செலவில் தரப்படுகிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2012-இல் வந்த அரசாணைக்குப் பிறகு, தனியார் சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் பெற்றவருக்கும் குழு நிர்ணயித்த கட்டணம் இந்த உதவிக்குள் வருகிறது. சான்றிதழில் இனம் பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கும். அத்துடன் ஆதிதிராவிடரிலிருந்து கிறித்தவம் தழுவியவர் என்ற விவரமும் இருக்க வேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போனால் உதவித்தொகையும் விட்டுப்போகும். வேலைவாய்ப்பு இட ஒதுக்கீட்டில் நமக்குள்ள இழப்பு வேறு. அதை நான் சிறிதாக்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரி வழக்கு ஒன்றில், திருமுழுக்குப் பெற்று விசுவாசத்தை வாழ்பவர் சலுகைக்காக மட்டும் வேறு சான்றிதழ் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. பிள்ளையின் பட்டமும் வேலையும் பிற்காலத்தில் ஒரு சான்றிதழ் விசாரணையில் தொங்குவதைவிட, உண்மையான சான்றிதழோடு கிடைக்கும் உதவியை முழுதாக வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

உதவித்தொகைக்குப் பிறகும் குறை விழும். அப்போதுதான் கடன். கடன் என்றதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது மூன்று வட்டிக்காரர். உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டு கடன் வாங்குகிறோம். படிப்பு நான்கு ஆண்டு, வேலை தேட ஓர் ஆண்டு. வங்கியில் கணக்குக்காக 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கல்விக் கடனுக்குப் படிக்கும் காலத்தில் தனிவட்டிதான். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, இரண்டாவதற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. மொத்த வட்டி 1,40,000 ரூபாய். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. அதே கடனுக்கு, அதே ஐந்து ஆண்டில் வட்டி 5,04,000 ரூபாய். அசல் நாலு லட்சம் அப்படியே நிற்கும். வட்டிக்காரர் வீட்டுக்கு வந்து பணம் தருகிறார், வங்கி மேலாளர் பத்து முறை அலைய விடுகிறார் என்கிறீர்கள். உண்மைதான். ஒவ்வோர் அலைச்சலுக்கும் 36,000 ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு அலையுங்கள்.

வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம்வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. கைப்பணமும் போட வேண்டியதில்லை. 7.5 லட்சம்வரையிலான கடனுக்கு அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தர அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழில்நுட்பம் அல்லது தொழிற்படிப்பு என்றால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓர் ஆண்டுக்கும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் உண்டு. மேலே போட்ட கணக்கில் அந்த 1,40,000 ரூபாயும் இல்லாமல் போகும். கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ பாடத்துக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்கிறதா என்று சேருமுன் பார்க்கச் சொல்வது இதற்காகவும்தான். பி.எம். வித்யாலட்சுமியில் தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் இடம் பெற்றவருக்கு ஈடும் ஜாமீனும் இல்லாத கடன். வருமானம் 8 லட்சம்வரை உள்ளவருக்கு 10 லட்சம்வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை.

இந்தப் பகுதியில் பாதிப் பேர் வாடகை வீட்டில் இருக்கும் வெளியூர்க்காரர்கள். “உங்க அட்ரஸ் எங்க கிளைக்கு வராது” என்று வங்கியில் திருப்பி அனுப்புகிறார்கள். கல்விக் கடனை அந்தக் காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வேறு விதமாகவும் கடன் தடைபடுகிறது. தந்தையோ தாயோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். பைக் தவணையும் குழுக் கடன் தவணையும் தவறியிருந்தால் சிபில் பதிவில் தெரியும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே அந்தத் தவணைகளை நேராக்கிக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவர் என்பதற்காகவே நமக்குள்ள கடன் ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம், சுருக்கமாக டாம்கோ, வருமானம் குறைந்த குடும்பத்துக்கு 3 விழுக்காடு வட்டியில் கல்விக் கடன் தருகிறது. அதற்கு மேற்பட்ட வருமானப் பிரிவில் மாணவியருக்கு 5, மாணவருக்கு 8 விழுக்காடு. காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். நம் மக்களில் இதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

இணைச்சட்ட நூல் 24-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. கடனுக்கு ஈடாகத் திரிகைக் கல்லை வாங்கக் கூடாது. அது ஓர் உயிரையே ஈடாக வாங்குவதாகும். திரிகை இருந்தால்தான் அன்றைய மாவு, அன்றைய அப்பம். கடன் கொடுப்பவருக்குச் சொன்ன சட்டம் அது. வாங்குபவரும் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம். ஆட்டோ புத்தகம், கறவை மாடு, தையல் இயந்திரம், சிப்காட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய அரை ஏக்கர் ஆகியவை நம் திரிகைகள். சும்மா பெட்டியில் கிடக்கும் நகையும் அன்றாடச் சோறு போடும் பொருளும் ஒன்றல்ல. முதலாவதை வங்கியில் வைக்க வேண்டி வந்தால் வையுங்கள். இரண்டாவதைத் தொடாதீர்கள்.

கடன் பத்திரமே இல்லாத இன்னொரு ஈடும் நம் வீடுகளில் இருக்கிறது. அக்காவின் சம்பளம். நெகேமியா நூல் 5-ஆம் அதிகாரத்தில், பஞ்ச காலத்தில் வயலையும் வீட்டையும் அடகு வைத்த மக்கள், கடைசியில் தங்கள் புதல்வியரையும் அடிமையாக விட வேண்டி வந்தது என்று கதறுகிறார்கள். ஆலை வேலை அடிமைத்தனம் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலை பல பெண்களுக்குத் தங்கள் காலில் நிற்கும் துணிவைத் தந்திருக்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் மகளிர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இந்தப் பிள்ளைகளில் சிலர் நம் ஞாயிறு மாலைத் திருப்பலிக்கு வருகிறார்கள். பேசிப் பார்த்தால் பலருடைய கதையும் ஒன்றுதான்: பிளஸ் டூ முடித்ததும் வேலை, சம்பளம் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த தம்பி, அதுவும் நிர்வாக ஒதுக்கீட்டில்.

அரசின் பணம் மகள் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்திருக்கிறது; வீட்டின் பணம் மகன் பக்கம் சாய்கிறது. மாதம் 1,000 ரூபாயைச் சொன்னேன். ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை, தொழில்நுட்பப் பட்டம் அல்லது டிப்ளமோவில் சேரும் பெண்ணுக்குத் தகுதிப் பட்டியல்படி ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள்வரை விண்ணப்பிக்கலாம். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும். அவளைப் படிக்க வைத்தால் செலவு என்று நினைத்த வீட்டில், அவள் படிப்புதான் குறைந்த செலவில் முடியும் படிப்பாக இருக்கக்கூடும்.

நல்ல சம்பளம் வரும்போது படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரே பதில். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2006-இல் உற்பத்தி தொடங்கியபோது இங்கே எத்தனை கொண்டாட்டம்! 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. கையில் பிளஸ் டூ சான்றிதழ் மட்டும் வைத்திருந்த பிள்ளைகள் அதன்பின் எப்படி அலைந்தார்கள் என்பதைப் பழைய பங்கு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையும் 2022-இல் நின்றது.

வேலையை விட முடியாத பிள்ளைகள் இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ சம்பளத்திலிருந்தே கட்டணம் கட்டிப் படிக்கலாம். தொலைநிலைப் படிப்புக்குப் புதுமைப் பெண் பணம் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேறு நிறுவனம் என்றால் யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். எல்லாரும் பொறியியலுக்கே ஓட வேண்டியதுமில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஐ.டி.ஐ. முடித்துத் தொழிற்பழகுநராகச் சேர்ந்தால் 1961-ஆம் ஆண்டின் சட்டப்படி பயிற்சிக் காலத்திலும் மாதப் பணம் கிடைக்கும். ஒரகடம் ஆலைகளில் இயந்திரம் பழுது பார்க்கத் தெரிந்தவனுக்கு இருக்கும் மதிப்பு, கடனில் பட்டம் வாங்கி அசெம்பிளி லைனில் நிற்பவனுக்கு இல்லை. பிறகு டிப்ளமோ, அதன்பின் பட்டம் என்று ஏறவும் வழி இருக்கிறது.

திருச்சபை என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். வின்சென்ட் தே பவுல் சபையை 1833-இல் பாரிசில் தொடங்கிய அருளாளர் பிரெடெரிக் ஓசானாம் அப்போது இருபது வயதுக் கல்லூரி மாணவர் என்பது பலருக்குத் தெரியாது. நம் பங்கின் வின்சென்ட் சபையால் ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. உதவித்தொகை பெரும்பாலும் கட்டணம் கட்டி மாதங்கள் கழித்தே வருகிறது. அந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் வீட்டுக்குள் நுழைகிறார். பிள்ளைகள் படிப்பை விடுவதும் ஐந்தாயிரம், பத்தாயிரம் புரட்ட முடியாத அந்த மாதங்களில்தான். அந்த இடைவெளிக்கு வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்ப வாங்கி, அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று சபையாரிடம் சொல்லியிருக்கிறேன். சென்ற ஆண்டு படிப்பை முடித்து வேலையில் இருக்கும் இளைஞர்கள் இதற்கு ஒரு மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தந்தால் நிதி தொடங்கிவிடும்.

ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்தில் இளையோர் இருவர் கணினியோடு உட்கார்ந்திருப்பார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், 6 முதல் 12 வரை படித்த பள்ளி விவரம், ஆதார், குடும்ப அட்டை, ஆதாரோடு இணைத்த பிள்ளையின் வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். குடும்ப அட்டை சொந்த ஊரில் இருப்பவர்கள் அங்குள்ள தாலுகாவில் வாங்க வேண்டியிருக்கும். அதற்கு நாள் பிடிக்கும். எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாமல் வாருங்கள். முகவர் போன் செய்தால் ஞாயிற்றுக்கிழமை கழித்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.